தலைவர் வீட்டில் நித்திரை

இராசதுரை நித்திரை கொள்வதில்லை என்பது பெரியகல்லாறு முழுக்கத் தெரிந்த விஷயம். கண் இரண்டும் சிவந்து, தொடங்கிய பேச்சைப் பாதியில் விட்டு, கையிலே பிடித்திருக்கும் தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்து என்ன செய்வது, சங்கத் தலைவரிடம் போய்ப் படுத்துத் தூங்குங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் இளையதம்பி. மீனவர் சங்கத்தின் செயலாளர் அவர். தலைவரின் வலது கை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைவரின் மனைவி அன்னப்பூரணிக்குக் கூடப்பிறந்த தம்பி.

அன்னப்பூரணி மாரி மழை தொடங்கிய கிழமையில் போய்விட்டார். காய்ச்சல் என்று காலையில் படுத்தவரைப் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மறுநாள் பெட்டியில் கொண்டு வந்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. செத்தவீடு முடிந்து ஆட்கள் கலைந்ததும் இராசதுரை நேரே சங்கத்துக்குப் போய் உட்கார்ந்தவர்தான், எழும்பவில்லை. பகலில் சங்கத்து மேசை, இரவில் கடற்கரை மணல்மேடு. கேட்டால், முகத்துவாரத்து மணலை அக்கரைப் படுவான்கரை ஆட்கள் களவாக வெட்டிவிடுவார்கள், காவல் இருக்கிறேன் என்பார். ஒரு மண்வெட்டியோடு நாலு பேர் வந்தால் இந்த மனிதர் ஒற்றை டோர்ச் லைட்டை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப் போகிறார் என்று இளையதம்பிக்கு எரிச்சலாக வரும். எரிச்சலை விழுங்கிக்கொண்டு விடிந்ததும் சுடுதண்ணிப் போத்தலில் தேநீரோடு போய் நிற்பார்.

அவருடைய வேலையே அதுதான். கூட்டங்களில் தலைவருக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னாலே தள்ளிக் கதிரையைப் போட்டுக்கொள்வார். தலைவருக்குக் கோபம் ஏறினால் முழங்காலில் கை வைப்பார். ஒத்துக்கொள்ள வேண்டிய இடம் வந்தால் செருமுவார். ஊருக்கு இது தெரியும். வாய் தலைவருடையது, தொண்டை இளையதம்பியுடையது என்று பகிடியும் பண்ணுவார்கள். அந்த வாயும் தொண்டையும் சேர்ந்துதான் கடந்த காலமெல்லாம் இந்த ஊருக்கு ஐஸ் அறையும் இறங்குதுறையும் கொண்டு வந்தன, அதை மட்டும் பகிடிக்காரர்கள் மறந்துவிடுவார்கள்.

இப்போது முழங்காலில் கை வைத்தால் தலைவருக்கு உறைப்பதே இல்லை.

பிரச்சினை முகத்துவாரம். பெரியகல்லாற்றில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு கிடக்கிறது. மாரியில் வாவி நிறைந்தால் அந்த மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருடா வருடம் மல்லுக்கட்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல்காரர். தண்ணீர் ஏறினால் அவர்களின் வட்டை, அதாவது வயல்வெளி முழுவதும், அழுகிப்போகும். ஆகவே இன்றைக்கே வெட்டு என்பார்கள். கிழக்கே எழுவான்கரையில் மீன்காரர். முந்தி வெட்டினால் வளர்ந்துவரும் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். ஆகவே பொறு என்பார்கள். மாவட்ட அலுவலகமான கச்சேரியின் அதிகாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வைத்து, இரண்டு பக்கமும் ஓமென்று சொன்ன பிறகுதான் இயந்திரத்தை அனுப்புவார்.

இந்த முறை தண்ணீர் மோசம். பாலத்துக் கட்டைத் தொட்டுவிட்டது. இதற்கு மேலே ஏறினால் யாரும் வெட்டத் தேவையில்லை, மேடு தானாகவே உடையும். தானாக உடைந்தால் அது நேர் வழியாகவா போகும்? கரையோரத்துக் குடிசைகளையும் தோணிகளையும் வாரி எடுத்துக்கொண்டு போகும். இளையதம்பியின் கணக்கில் வெட்டுவதற்கு இதுதான் நேரம். மீன்காரரின் நன்மைக்கே வெட்ட வேண்டும். தலைவருக்கு இது தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் தலைவர் "வெட்ட ஒண்ணா" என்ற ஒரே சொல்லில் குந்திக்கொண்டிருந்தார்.

ஏன் என்று விளங்க வேண்டுமானால் ஊரின் முறை விளங்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார், பெண் வீட்டில் வாழ்வார், அந்த ஊர்க்காரராகிவிடுவார். மனைவி முந்திப் போய்விட்டால், மகள் இருந்தால் மகளோடு இருப்பார். மகள் இல்லையென்றால் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் மனைவியின் சகோதரன் வீட்டைப் பூட்டித் திறப்பை, அதாவது சாவியை, தன்னிடம் எடுத்துக்கொள்வான். மனிதர் தன் அக்கா தங்கை வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். போ என்று யாரும் வாயால் சொல்வதில்லை. திறப்பு கை மாறும், அவ்வளவே. முப்பத்தொன்றுக்கு முன்னால் அதைப் பற்றிக் கதைப்பது செத்தவருக்கு மரியாதையில்லை என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். மொத்தத்தில் இந்த ஊரில் ஆம்பிளை என்று பிறந்தவனுக்குச் சொந்தமாக ஒரு வாசற்படி கிடையாது. இளையதம்பியும் தன் பெண்சாதி வீட்டில் இருக்கிற ஆள்தான்.

இராசதுரை படுவான்கரையில் பிறந்தவர். தண்ணீரில் முங்கிக்கொண்டிருக்கிற அதே வட்டையில் அவருடைய தங்கையின் வயலும் கிடக்கிறது. அன்னப்பூரணி உயிரோடு இருந்த காலத்தில் யாரும் இதை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது தேநீர்க்கடையில் ஒருவன் சொல்லிவிட்டான்: "தலைவர் இனி அங்கதானே போப்போறார். போற ஆளுக்கு எங்கட இறால் என்னத்துக்கு?" சொன்னவன் மெதுவாகத்தான் சொன்னான். தேநீர்க்கடையில் மெதுவாகச் சொன்னது எங்கே மெதுவாகவே நின்றிருக்கிறது?

அன்று காலை இளையதம்பி சங்கத்துக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நீல நைலோன் நூலில் கோத்த திறப்புக் கொத்தை மடியிலிருந்து எடுத்துக் கதவைத் திறந்தார். பக்கத்து வலைக்கொட்டிலில் இருந்து இராசதுரை வந்தார். இடுப்பில் கட்டிய சாறன் முழங்கால்வரை நனைந்து மணலோடு ஒட்டியிருந்தது.

"அத்தான், பின்னேரம் கச்சேரியில கூட்டம்."

"தெரியும்."

"தண்ணி பாலத்துக் கட்டத் தொட்டிற்று."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா ஓமெண்டு சொல்லுவமே."

இராசதுரை தேநீரை வாங்கி ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஊதினார். "நான் ஓமெண்டா என்ன கதைப்பாங்க எண்டும் தெரியும், இளையதம்பி" என்றார்.

"கதைக்கிறவன் கதைக்கட்டும். கரை உடைச்சா அதே வாயால உங்களத்தான் ஏசுவான்."

தலைவருக்குக் கோப்பை கையில் இருக்க, நின்றபடியே கண் மூடிக்கொண்டது. இளையதம்பி கோப்பையைப் பிடித்தார். அவருக்கும் கால் கடுத்தது, முதுகு இழுத்தது. விடியமுன் எழும்பித் தேநீர், பிறகு சங்கம், பிறகு செத்தவீட்டுக் காரியங்கள், முப்பத்தொன்றுக்கு ஆட்களுக்குச் சொல்வது, பந்தலுக்குச் சொல்வது. செத்துப்போனவர் அவருக்குக் கூடப்பிறந்த அக்கா. அதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க அவருக்கே நேரம் வாய்க்கவில்லை.

பின்னேரம் கச்சேரி இருக்கிற புளியந்தீவுக்குப் போனார்கள். கச்சேரி மண்டபத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் நனைந்த குடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வயல்காரர் பக்கத்தில் வட்டை விதானையார் எழும்பினார். வயல்களின் தண்ணீர் விஷயமெல்லாம் பார்க்கிற ஆள் அவர். வயதானவர், நல்ல மனிதர், சண்டைக்கு வரவில்லை.

"ஐயா, எங்கட வட்டையில பயிர் தெரியல்ல. வெறும் தண்ணிதான் தெரியுது. நான் கூடக் கதைக்கத் தேவல்ல. தலைவர்ர தங்கச்சிட வயலும் அதுக்குள்ளதான் கிடக்கு. அவருக்கே தெரியும்."

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அதைவிடக் கேடான சொல்லை ஒரு எதிரி திட்டம் போட்டாலும் சொல்லியிருக்க முடியாது. மீன்காரர் பக்கத்தில் தலைகள் திரும்பின. இளையதம்பி அவசரமாகத் தலைவரின் முழங்காலில் கை வைத்தார். அதற்குள் தலைவர் எழும்பிவிட்டார்.

"தங்கச்சிட வயலுக்காக நான் இஞ்ச வரல்ல. நான் பெரியகல்லாத்து ஆள். பெரியகல்லாத்துத் தலைவர். வெட்ட ஒண்ணா."

இளையதம்பி செருமினார். இன்னொரு தரம் பலமாகச் செருமினார். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள்.

அதிகாரி ஏதோ சமாதானமாகப் பேசத் தொடங்கினார். மழையளவு, நீர்மட்டம், வானிலை. பேச்சின் நடுவே ஒரு சத்தம் கேட்டது. இராசதுரையின் நாடி நெஞ்சில் விழுந்திருந்தது. வாய் சற்றே திறந்து, குறட்டை. சபையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இளையதம்பி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு எழும்பி நின்று, "ஐயா, தலைவர்ட வீட்டில செத்தவீடு. அவர் நித்திரை கொண்டு கன நாள்" என்றார். சொன்னது வெட்கத்திலா, கோபத்திலா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அதிகாரி தலையாட்டினார். "இரவுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. ஓமெண்டா விடியவே பெக்கோவ அனுப்புறன்" என்று கூட்டத்தை முடித்தார். பெக்கோ என்றால் மண் வெட்டுகிற இயந்திரம். அது வந்துவிட்டால் அரை நாள் வேலை. வரவழைக்கிற ஒரு சொல்தான் வரமாட்டேன் என்றது.

திரும்பி வர மின்ஹாஜ் தன் கூலர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டான். ஏறாவூர்க்காரன், இறால் வாங்குகிறவன், இந்த ஊரோடு பல வருடப் பழக்கம். முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கல்லடிப் பாலம் தாண்டியதும் இராசதுரையின் தலை இளையதம்பியின் தோளில் சாய்ந்தது. மழைத் துடைப்பான் இழுத்து இழுத்து ஓடியது. பின்னாலே ஐஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"நான் வெளியால ஆள், சொல்லக் கூடா" என்றான் மின்ஹாஜ். "ஆனாலும் சொல்றன். இறால் போனா நான் வேற எங்கயாவது வாங்குவன். ஒங்களுக்கும் அடுத்த மாரிக்கு வரும். கரை ஒடச்சா ஒங்கட சனம் எங்க போற?"

"இத எனக்குச் சொல்லி என்ன. தலைவருக்குச் சொல்லு."

"தலைவர் தூங்குறாரே."

"அப்ப பேசாம ஓட்டு."

மின்ஹாஜ் பேசாமல் ஓட்டினான். ஊருக்குள் நுழைந்ததும்தான் கேட்டான், "வீட்டடியிலயே இறக்கவா?"

இராசதுரை கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எந்த வீட்டடியில?"

இளையதம்பி முதலில் தூக்கக் கலக்கம் என்று நினைத்தார். "என்ன கதை அத்தான் இது. உங்கட வீட்டடியிலதான்."

"அது பூட்டித்தானே கிடக்கு. நீதானே பூட்டின."

குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்லுகிற குரல். இளையதம்பியின் கை தானாக மடிக்குப் போனது. நீல நூலில் சங்கத்துத் திறப்பு, ஐஸ் அறைத் திறப்பு, என்ஜின் கொட்டில் திறப்பு. அவற்றோடு பித்தளையில் ஒன்று. அக்காவின் வீட்டுத் திறப்பு.

செத்தவீடு முடிந்த அன்று பின்னேரம், கடைசியாகப் பந்தல்காரனும் போன பிறகு, வீடு திறந்து கிடக்கிறதே என்று பூட்டினார். கையில் இருந்த கொத்தில் கோத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. செய்ததையே மறந்துவிட்டார். மற்றத் திறப்பு இளையதம்பியின் தங்கை சுலோஜனாவிடம் இருந்தது. அவள்தான் பக்கத்து வளவிலிருந்து போய் அக்காவின் படத்துக்கு விளக்கேற்றுகிறாள். அத்தான் அவளிடம் வாங்கிக்கொள்வார், வந்து போவார் என்று நினைத்திருந்தார். நினைத்தார் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை.

எட்டாம் நாள் காரியத்தன்று நடந்தது இப்போது ஞாபகம் வந்தது. அவர்தான் கதவைத் திறந்து முதலில் உள்ளே போனார். அத்தான் முற்றத்தில், வந்த சனத்தோடு சனமாக, வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். வாங்க என்று யாரோ கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். துக்கம் என்று நினைத்தோமே. மனிதர் ஊரான் வீட்டு வாசலில் நிற்பது போலல்லவா நின்றிருக்கிறார். முப்பத்தொன்றுக்குக்கூடப் பொறுக்காமல் மைத்துனன் திறப்பை எடுத்துக்கொண்டான் என்று எண்ணி, அதையும் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த மைத்துனன் கொண்டு வருகிற தேநீரைக் காலையில் வாங்கிக் குடித்துக்கொண்டு.

"அப்ப இவ்வளவு நாளும் வலைக்கொட்டில்லயா படுத்தீங்க?"

"படுத்தன். நித்திரைதான் வரல்ல."

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே என்னட்ட."

"எப்பிடிக் கேக்கிற? அது முறைதானே. கொஞ்சம் முந்திச் செஞ்சிற்றாய், அவ்வளவுதான். நான் குறை சொல்லல்ல, தம்பி."

தம்பி என்றார். இளையதம்பிக்கு அந்தச் சொல் நெஞ்சிலே போய் இடித்தது. "வீட்டடியில நிப்பாட்டு" என்று மின்ஹாஜிடம் சொன்னார். குரல் தேவையில்லாமல் உரத்து வந்தது.

பொழுது இன்னும் படவில்லை. வீட்டு விறாந்தையில் சுலோஜனா விளக்குக்கு எண்ணெய்ப் போத்தலோடு நின்றாள். கூடவே மகள் ஆர்த்திகா. தையில் அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. பெரியம்மாவின் வீடு அவளுக்குச் சீதனம் என்பதும் பேசாமலே பேசிய விஷயம். அண்ணன் அத்தானைத் தோளில் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து வருவதைக் கண்டதும் சுலோஜனாவின் முகம் மாறியது.

இளையதம்பி திறப்புக் கொத்தை எடுத்து நூலை அவிழ்க்கப் பார்த்தார். மழையில் ஊறிய முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் கிண்டினார், முடியவில்லை. கடைசியில் வாயில் வைத்துப் பல்லால் இழுத்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவழியாக அவிழ்ந்தது. பித்தளைத் திறப்பை எடுத்து அத்தானிடம் நீட்டினார்.

இராசதுரை கையை நீட்டவில்லை. "ஆர்த்திகாட சீதனம் அது" என்றார்.

"அதுதான் அண்ணே" என்றாள் சுலோஜனா. "நான் அத்தானப் போகச் சொல்லுறனெண்டு நினைக்காத. தையில கலியாணம். மாப்பிள வீட்டாக்கள் கேட்டா நான் என்ன சொல்லுற?"

நியாயம்தான். இளையதம்பி இத்தனை காலமாக அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் தலைவருக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர். இப்போது சொல்லே கிடைக்காதது போல் நின்றார். பிறகு ஆர்த்திகாவைப் பார்த்தார்.

"புள்ள, இவர நீ என்னெண்டு கூப்பிடுற?"

"பெரியப்பா எண்டு."

"பெரியப்பா எண்டா ஆரு? தகப்பன்தானே. பூரணி அக்காவுக்கு மகள் இல்லையெண்டு ஆர் சொன்ன? நிக்கிறாளே மகள். மகள்ட வீட்டில தகப்பன் இருக்கிறதுக்கு ஆரிட்டக் கேக்கணும்? மாப்பிள வீட்டாக்கள் கேட்டா அதச் சொல்லு, சுலோஜனா. வீடு ஆர்த்திகாட. தகப்பன் அவளோட இருக்கிறார். இது முறைக்கு வெளியால இல்ல. முறைதான் இது."

சுலோஜனா எண்ணெய்ப் போத்தலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அண்ணனோடு வாதாடி யாரும் இதுவரை வென்றதில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சல். ஆர்த்திகா முன்னால் வந்து மாமனின் கையிலிருந்த திறப்பை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

"வாங்க பெரியப்பா. ஈரத்தோட நிக்காதீங்க."

இராசதுரை படியில் காலை வைத்தார். மனிதர் இவ்வளவு நாளும் அழாதவர். செத்தவீட்டில் ஆட்களுக்குக் கதிரை போட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றவர். நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். இளையதம்பி அவருக்குப் பின்னால், இடது பக்கம், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார்.

சுலோஜனா தன் வீட்டுக்குப் போய் ஒரு தலையணையும் உலர்ந்த சாறனும் கொண்டு வந்தாள். தலையணையைப் பாயில் தொப்பென்று போட்டாள். அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே போனாள். அதற்குப் பிறகும் சில நாள் அவள் அண்ணனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் தலையணைக்கு உறை மாற்றித்தான் கொண்டு வந்திருந்தாள்.

அன்னப்பூரணியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அதற்கு நேரே பாயில் இராசதுரை சரிந்தார். கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"வெட்டச் சொல்லு, இளையதம்பி."

"அத்தான்?"

"பிந்தினா கரை போயிரும். எனக்குத் தெரியும். கன நாளாத் தெரியும். ஓமெண்டு சொன்னா, அந்தா போறான் படுவான்கரையான், இனி அவனுக்கு இஞ்ச என்ன எண்டு சொல்லிருவாங்களே எண்டுதான். அவள்ட ஊர்ல எனக்கு..." குறட்டை வந்துவிட்டது.

இளையதம்பி விறாந்தைக்கு வந்து கச்சேரி அதிகாரிக்குப் போனில் கோல் எடுத்தார். தலைவர் ஓமென்று சொல்லிவிட்டார் என்று சொன்னார். நல்லது என்றார் அதிகாரி. மழை இரைச்சலில் மற்றது கேட்கவில்லை.

விடிந்ததும் பெக்கோ வந்தது. மணல்மேட்டில் இரண்டு கரை ஆட்களும் கூடிவிட்டார்கள். வட்டை விதானையார் மண்வெட்டியோடு நின்றார். முதல் மண்ணை இரண்டு பக்கத்துத் தலைவர்களும் சேர்ந்து வெட்டுவது வழக்கம். இளையதம்பி வருமுன் வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்திருந்தார். அத்தான் சரிந்த இடத்தில் சரிந்தபடியே கிடந்தார். எழுப்பக் கை போனது. போன கையை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டார்.

"தலைவர் எங்க?" என்றான் ஒருவன். தேநீர்க்கடையில் பேசிய அதே ஆள். "வெட்டச் சொல்லிப்போட்டு ஆளக் காணல்ல. படுவான்கரைக்குப் போய்ச் சேந்திற்றாரோ?"

நாலைந்து பேர் சிரிக்கத் தயாரானார்கள்.

"தலைவர் வீட்டில நித்திரை" என்றார் இளையதம்பி.

"எந்த வீட்டில?"

"அவர்ர வீட்டில. பூரணி அக்காட வீட்டில. வேற எந்த வீட்டில படுப்பார்? மகள் இருக்கிறாள் பாத்துக்கொள்ள." சாறனை மடித்துக் கட்டினார். "உனக்கு அவரோட கதைக்கோணுமெண்டா பின்னேரம் அங்க வா. இப்ப அந்தத் தோணிய இழுத்து மேல போடு. தண்ணி போகக்குள்ள உன்ட தோணிதான் முதல்ல போகும்."

அவன் தோணியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இழுக்கப் போனான். இளையதம்பி விதானையாரோடு சேர்ந்து முதல் மண்ணை வெட்டிப் போட்டார். பெக்கோ கை நீட்டி வேலையைத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் வாவித் தண்ணீர் சேற்று நிறத்தில் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு வேலிக் கம்பும் போகவில்லை. இறால் கொஞ்சம் போயிருக்கும், போகாமல் இருக்காது. விதானையார் வந்து கையைப் பிடித்து, "தலைவருக்குச் சொல்லுங்க, எங்கட சனம் மறக்காது" என்றார். சொல்கிறேன் என்றார் இளையதம்பி.

வீட்டுக்கு வந்தபோது இராசதுரை விறாந்தையில் இருந்தார். குளித்திருந்தார். கண்ணில் சிவப்பு குறைந்திருந்தது, முகம் மட்டும் திடீரென்று வயது போய்விட்டதுபோல் இருந்தது.

"வெட்டியாச்சா?"

"ஓம்."

"கரை?"

"ஒண்டும் இல்ல. எல்லாம் சரி."

இராசதுரை எழும்பிக் குசினிக்குள் போனார். பாத்திரங்கள் உருள்கிற சத்தம் கேட்டது. கன நேரம் கழித்து ஒரு கோப்பைத் தேநீரோடு வந்தார். இந்த வீட்டுக் குசினியில் அவர் தேநீர் போட்டது இதுதான் முதல் தடவை; சாயம் கறுத்து, சீனி பாகாகக் கிடந்தது. இளையதம்பி ஒரு வாய் குடித்துவிட்டு மறு வாயும் குடித்தார்.

இராசதுரை கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"உன்ட அக்கா செத்ததுக்கு உன்னட்ட நான் ஒரு சொல்லும் கேக்கல்ல" என்றார். "எல்லாரும் என்னட்டத்தான் வந்தாங்க. உன்னட்ட ஆரும் வரல்ல. நானும் வரல்ல."

"எனக்கென்ன அத்தான்" என்றார் இளையதம்பி. "எனக்கு வேலை..."

வேலை என்ற சொல்லோடு குரல் நின்றுவிட்டது. சின்ன வயதில் வாவிக் கரையில் இறால் பொறுக்கப் போகும்போது அக்கா தன் பாவாடை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுவாள், ஆழத்துக்குப் போய்விடாதே என்று. அது ஏன் இப்போது வர வேண்டும்? கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். இராசதுரை அதை வாங்கி வைத்தார். பிறகு இளையதம்பியின் முழங்காலில் கையை வைத்தார்.

இளையதம்பி நெடுநேரம் அழுதார். அழுது முடிந்ததும் உடம்பில் ஒரு பலமும் இல்லை. சுலோஜனா கொண்டு வந்து போட்ட தலையணை உள்ளே பாயில் கிடந்தது. இராசதுரை அவரைக் கைப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போய் அதில் கிடத்தினார்.

பொழுது சாயும் நேரம் சங்கத்து ஆட்கள் சிலர் படலையடிக்கு வந்தார்கள். தண்ணீர் வடிந்ததைப் பற்றியும், ஐஸ் அறையைத் திறக்கத் திறப்பு இல்லாததைப் பற்றியும் செயலாளரிடம் பேச வேண்டுமாம். இராசதுரை வாசலுக்கு வந்து நின்றார்.

"செயலாளர் நித்திரை" என்றார். "சத்தம் போடாம நில்லுங்க. திறப்ப நான் எடுத்துத் தாறன்."